மூளை ஸ்கானா, இருபது கேள்வியா? ஓட்டிசத்தை முன்கூட்டிக் காட்டும் சோதனைகள்: யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒரு மதிப்பாய்வு

"மூத்தவருக்கு ஓட்டிசம் எண்டு சொல்லிப்போட்டினம். சின்னவருக்கு இப்ப ஆறு மாசம். தலையை ஒருக்கா ஸ்கான் பண்ணினால் இப்பவே தெரியுமாமே, உண்மையோ?"

தடுப்பூசி கிளினிக்கில் வாங்கில் இருந்தபடி இதைக் கேட்கும் அம்மா எங்கேயோ வாசித்ததைத்தான் கேட்கிறார். அவர் வாசித்தது பொய்யில்லை. ஆறு மாதக் குழந்தையின் மூளையிலேயே முன்னடையாளங்கள் தெரிகின்றன என்று 2012 தொடக்கம் ஆய்வுகள் வந்தபடி இருக்கின்றன. ஆனால் ஆய்வுகூடத்தில் தெரிவதெல்லாம் காசு கொடுத்துச் செய்விக்கக்கூடிய சோதனையாகிவிடாது. இதை விளங்கிக்கொள்ளாமல் வீடுகளில் இரண்டு விதமான பிழை நடக்கிறது. சிலர் தேவையில்லாத ஸ்கானுக்குக் கொழும்புக்கு ஓடுகிறார்கள். சிலர் "ஸ்கானில் ஒண்டும் இல்லை" என்று சொன்னதை நம்பி ஒரு வருடத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது பிழைதான் பிள்ளையை அதிகம் பாதிக்கிறது.

இங்கே பார்ப்பவை நான்கு: காந்தத்தால் மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கான், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி., கண்ணசைவை அளக்கும் கருவி, எம்-சாட் என்ற கேள்விப் படிவம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்று யாழ்ப்பாணத்தில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பிரயோசனப்படுவது கடைசியில் உள்ள அந்தக் கடதாசிதான். அதுவும் கேட்கிற மாதிரிக் கேட்டால் மட்டும்.

எம்.ஆர்.ஐ.: கண்டுபிடிப்பு நல்லது, சோதனையாக இன்னும் ஆகவில்லை

அதிகம் பேசப்படும் ஆய்வு 2017 பெப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஐபிஸ் என்ற வலையமைப்பின் வேலை அது. ஓட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் 106 குழந்தைகளையும், அப்படி யாரும் இல்லாத 42 குழந்தைகளையும் 6, 12, 24 மாதங்களில் ஸ்கான் செய்தார்கள். பின்னர் ஓட்டிசம் என்று உறுதியான பிள்ளைகளில், 6 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் மூளையின் வெளிப்படையான பெருமூளைப் புறணியின் பரப்பளவு மற்றவர்களைவிட வேகமாக விரிந்திருந்தது. மூளையின் கனவளவு கூடியது அதற்குப் பிறகு, இரண்டாவது வருடத்தில். அதே காலத்தில்தான் பழகுவதில் உள்ள சிரமங்களும் வெளியே தெரியத் தொடங்கின.

இந்த வரிசையைக் கவனியுங்கள். 6 மாதத்தில் மூளையின் மொத்தக் கனவளவில் வித்தியாசம் இல்லை. ஆகவே அளவுநாடாவால் தலையைச் சுற்றி அளந்து "தலை கொஞ்சம் பெரிசு, ஓட்டிசமோ" என்று பயப்படுவதில் அர்த்தமில்லை. பெரிய தலை பல வீடுகளில் அப்பாவின் தலை.

வேறு மூன்று அடையாளங்களும் இதே வலையமைப்பின் ஸ்கான்களில் கிடைத்தன. 2012 இல், மூளையின் பகுதிகளை இணைக்கும் வெண்சடப்பொருள் இழைகளின் வளர்ச்சிப் பாதை 6 மாதத்திலேயே வேறுபடுவது தெரிந்தது. மூளையைச் சுற்றியுள்ள திரவமான மூளைய முண்ணாண் பாய்பொருள், பின்னர் ஓட்டிசம் உறுதியான குழந்தைகளில் 6 மாதத்தில் சராசரியாக 18 வீதம் கூடுதலாக இருந்தது என்று 2017 இல் எழுதினார்கள். அதே ஆண்டில் 6 மாதக் குழந்தைகள் 59 பேரைத் தூக்கத்தில் ஸ்கான் செய்து, மூளையின் 230 பகுதிகள் ஒன்றோடொன்று எப்படி இணைந்து இயங்குகின்றன என்று பார்த்தார்கள். இரண்டு வயதில் ஓட்டிசம் உறுதியான 11 பேரில் 9 பேரை அந்தக் கணிப்பு சரியாகச் சுட்டியது.

இன்னொன்றையும் இதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். எங்கள் நாட்டில் எம்.எம்.ஆர். தடுப்பூசியின் முதல் ஊசி 9 மாதத்தில் போடப்படுகிறது. மேலே சொன்ன வித்தியாசங்களில் பல 6 மாதத்திலேயே இருந்தன. ஓட்டிசம் ஊசியால்தான் வந்தது என்று பழி போட்டு அடுத்த பிள்ளையின் தடுப்பூசியை நிறுத்துபவர்கள் இந்தத் திகதிகளை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இவ்வளவும் உண்மையென்றால் ஏன் ஸ்கான் எடுக்கக்கூடாது?

முதலாவது காரணம் வயது. பிறந்த குழந்தையின் மூளை இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை படிவது மெல்ல மெல்ல நடக்கும். 6 மாதத்தை அண்டிய காலத்தில் நரம்புக் கலங்கள் உள்ள நரைச்சடப்பொருளும் இழைகள் உள்ள வெண்சடப்பொருளும் ஸ்கானில் ஏறக்குறைய ஒரே நிறத்தில் விழும். எல்லைக்கோடு கரைந்துபோகும். பெரியவர்களின் மூளைக்கு எழுதப்பட்ட மென்பொருள் இந்த வயதில் எல்லையைப் பிழையாக வெட்டும். பரப்பளவு என்பது அந்த எல்லையை வைத்துத்தான் கணக்கிடப்படுவதால் எல்லை பிழைத்தால் எல்லாம் பிழை. ஆய்வுக்குழு இதற்கென்றே தனி முறைகளைச் செய்து வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரி ஸ்கான் அறையில் அவை இல்லை.

இரண்டாவது அசைவு. ஆய்வில் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதில்லை. இரவு நித்திரை நேரத்துக்கு வரச்சொல்லி, பால் கொடுத்து, துணியால் இறுகச் சுற்றி, காதுக்கு இரண்டு அடுக்குக் காப்புப் போட்டு, நன்றாக உறங்கிய பின் இயந்திரத்துக்குள் வைக்கிறார்கள். முழித்தால் இன்னொரு நாள். சாதாரண சேவையில் அந்தப் பொறுமைக்கு நேரமில்லை. பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, கையில் பிரயோசனம் எதுவும் வராத ஒரு படத்துக்காக மயக்க மருந்து கொடுப்பது சரியில்லை.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. கதிரியக்க வைத்தியர் ஸ்கானைப் பார்ப்பது கட்டி, இரத்தக் கசிவு, பிறவி அமைப்புக் குறை, காயம் போன்றவற்றுக்காக. புறணி விரியும் வேகம் இரண்டு ஸ்கான்களுக்கு இடையிலான கணக்கு. அது ஒரு ஸ்கானில் கண்ணுக்குத் தெரியாது, அறிக்கையில் எழுதப்படவும் மாட்டாது. அதனால் ஓட்டிசம் உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "சாதாரணம்" என்றுதான் இருக்கும். அந்தச் சொல் ஓட்டிசம் இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியே அங்கே கேட்கப்படவில்லை.

நான்காவது, எளிய ஒரு கணக்கு. முதலில் சொன்ன நேச்சர் ஆய்வின் கணினிக் கணிப்பு ஓட்டிசம் வரப்போகும் 100 பேரில் 88 பேரைப் பிடித்தது, வராத 100 பேரில் 95 பேரைச் சரியாக விடுவித்தது. மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் உள்ள குடும்பங்களில் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. அப்படியான 1000 குழந்தைகளை ஸ்கான் செய்தால் 200 பேரில் 176 பேரைப் பிடிக்கும், மற்ற 800 பேரில் 40 பேரைப் பிழையாகச் சுட்டும். சுட்டியவர்களில் 81 வீதம் சரி. இப்போது இதே கணக்கை ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தால் 1000 பேரில் 10 பேர். அதில் 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் ஏறக்குறைய 50 பேரைப் பிழையாகச் சுட்டும். ஸ்கான் "ஆம்" என்று சொன்ன ஆறு வீடுகளில் ஐந்து வீடு வீணாக அழும். இயந்திரம் அதேதான், கெட்டிக்காரத்தனமும் அதேதான், யாரை உள்ளே விட்டோம் என்பதுதான் மாறியது.

எம்.ஆர்.ஐ. தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வலிப்பு வந்த பிள்ளை, பேசிய சொற்களையும் செய்த வேலைகளையும் இழந்துவிட்ட பிள்ளை, தலை மிகச் சிறிதாக உள்ள அல்லது வளர்ச்சிக்கோட்டைத் தாண்டி வேகமாகப் பெருக்கும் பிள்ளை, ஒரு பக்கக் கைகால் பலவீனமான பிள்ளை. அவர்களுக்கு வைத்தியர் எழுதினால் தயங்காமல் எடுங்கள். "ஓட்டிசமா என்று பார்க்க" மட்டும் என்றால் வேண்டாம்.

ஈ.ஈ.ஜி., கண்ணசைவுக் கருவி

ஈ.ஈ.ஜி. மீது நம்பிக்கை வைக்கக் காரணம் உண்டு. மலிவு, சத்தமில்லை, அம்மாவின் மடியில் வைத்தே எடுக்கலாம். 2018 இல் பொஸ்டன் ஆய்வாளர்கள் 188 குழந்தைகளை 3 மாதம் தொடக்கம் 36 மாதம் வரை தொடர்ந்து பதிவு செய்து, 3 மாதப் பதிவிலிருந்தே கணினியால் பிரித்துக் காட்ட முடிந்ததாக வெளியிட்டார்கள். பிரச்சினை பதிவின் தரத்தில் இருக்கிறது. குழந்தை கண் சிமிட்டினாலும் சூப்பியை உறிஞ்சினாலும் வரும் மின் அலை மூளையின் அலையைவிடப் பெரிது. அதை எப்படிக் கழிப்பது என்பதில் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் முறை வேறு. ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.ஈ.ஜி. வலிப்புக்கானது, அதற்கு அது மிக நல்லது. சிவப்பும் நீலமுமாகத் தலையின் படம் போட்டு "பிரெயின் மப்பிங்" என்ற பெயரில் இணையத்தில் விளம்பரமாகும் சேவைகள் வேறு வகை. அந்த நிறப் படத்தை வைத்து ஓட்டிசத்தை உறுதிசெய்யவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அந்தக் காசைப் பேச்சுச் சிகிச்சைக்குப் போகும் பஸ் செலவுக்கு வையுங்கள்.

கண்ணசைவுக் கருவியின் அடிப்படை அழகானது. பின்னர் ஓட்டிசம் உறுதியாகும் குழந்தைகள் பிறந்தவுடன் மற்றவர்களைப் போலவே கண்ணைப் பார்க்கிறார்கள். 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில் அந்தப் பார்வை மெல்லக் குறைகிறது. 2013 இல் ஜோன்ஸ், கிளின் இருவரும் இதைக் காட்டினார்கள். அதன் வழியில் வந்த ஏர்லிபொயின்ற் என்ற கருவிக்கு 2022 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 16 தொடக்கம் 30 மாதப் பிள்ளைகளுக்கு, அதுவும் நிபுணரின் முடிவுக்குத் துணையாக. 6 நிலையங்களில் 475 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் ஓட்டிசம் உள்ள 100 பேரில் 71 பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 81 பேர் அளவில் சரியாக விடுவித்தது. தேர்ந்த நிபுணர் பக்கத்தில் இல்லாத இடத்தில் இந்தக் கருவி மட்டும் இருந்து பிரயோசனமில்லை. இதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

எம்-சாட்: படிவம் சின்னது, பிழைவிடும் இடங்கள் நிறைய

எம்-சாட் என்பது 16 தொடக்கம் 30 மாதப் பிள்ளைகளுக்கான கேள்விப் படிவம். சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் இலவசம். நிரப்ப 5 நிமிடம், இரண்டாங் கட்டக் கேள்விகளுக்கு இன்னொரு 5 தொடக்கம் 10 நிமிடம். இங்கே அதற்கு மிகப் பொருத்தமான நாள் 18 மாத ஊசி நாள். எப்படியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், கிளினிக் கொப்பியும் கையில் இருக்கும்.

முதல் வேலை: கேள்விகளை எண்ணுங்கள். 2001 இல் வந்த பழைய படிவத்தில் 23 கேள்விகள். திருத்திய படிவத்தில் 20. பழையது இன்னும் படப்பிரதியாகக் கைக்குக் கை சுற்றுகிறது. இரண்டுக்கும் புள்ளி போடும் விதி வேறு. 23 கேள்விப் படிவத்துக்கு 20 கேள்வி விதியைப் போட்டால் விடை குப்பை.

இலங்கையில் இந்தப் படிவத்துக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 2009 இல் வெளியான ஆய்வில் அரை நகர்ப்புறப் பகுதியொன்றில் 18 தொடக்கம் 24 மாதப் பிள்ளைகள் 374 பேரை, தாய்மாரிடம் கேட்டு, மொழிபெயர்த்த பழைய எம்-சாட்டால் சோதித்தார்கள். ஓட்டிசம் உறுதியானவர்கள் 4 பேர், அதாவது 93 பிள்ளைகளுக்கு ஒருவர். படிவம் பிடித்தது அதில் கால் பங்கை மட்டும். பண்பாட்டுக் காரணங்களும், தாய்மாருக்கு இப்படியான படிவம் பழக்கமில்லாததும் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதே துறையினர் பின்னர் படங்களைக் காட்டிக் கேட்கும் ஒரு சோதனை முறையை எங்கள் நாட்டுக்கென்றே உருவாக்கினார்கள். சரியான பாதை அது. 4 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் படிவத்தைக் கையில் கொடுத்து "நிரப்பித் தாங்கோ அம்மா" என்று விட்டால் இங்கே என்ன நடக்கும் என்பதை அது சரியாகவே காட்டியது.

ஏன் பிழைக்கிறது? கேள்விகளைக் கிட்டப் பார்த்தால் விளங்கும்.

சுட்டிக் காட்டுவது பற்றி இரண்டு கேள்விகள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. 6ஆவது, தனக்கு ஒன்று வேண்டுமென்று ஒரு விரலால் காட்டுவது. 7ஆவது, உங்களுக்கு ஒன்றைக் காட்டவேண்டும் என்பதற்காகவே காட்டுவது. பிஸ்கற் ரின்னைக் காட்டுவது முதலாவது. மதிலில் இருக்கும் காகத்தைக் காட்டிவிட்டு உங்கள் முகத்தையும் பார்ப்பது இரண்டாவது. அம்மாமார் இரண்டுக்கும் ஒரே மூச்சில் "ஓம்" போட்டுவிடுவார்கள். ஓட்டிசத்தில் முதலில் இல்லாமல் போவது பெரும்பாலும் இரண்டாவது. இன்னொன்று, உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அலுமாரியில் வைப்பது சுட்டுவது ஆகாது. அதற்கு 6ஆவது கேள்வியில் "இல்லை" தான். அம்மம்மா எல்லாவற்றையும் கேட்க முதலே எடுத்துக் கொடுக்கும் வீடுகளில் பிள்ளைக்குச் சுட்டத் தேவையே வராது. அப்படியானால் இரண்டு நாள் பிடித்த பொருளைக் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

10ஆவது கேள்வி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது. எங்கள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, வீட்டில் ஒன்று. கிளினிக்கில் கொப்பியைப் பார்த்து உத்தியோகத்தர் கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் அதில் ஒரு முடிவும் இல்லை. வீட்டுப் பெயரால், பின்னாலிருந்து, தொடாமல், கைதட்டாமல், "இந்தா" என்று எதையும் ஆட்டாமல் கூப்பிட வேண்டும்.

15ஆவது, நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்வது. "சாமி கும்பிடு" என்றதும் கைகூப்புவது பழக்கிய கட்டளை. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கன்னத்தை உப்பிக் காட்டினால் பிள்ளையும் உப்புகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. 18ஆவது, சொன்னால் விளங்குவது. "செருப்பை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லும்போது கண்ணும் விரலும் செருப்புப் பக்கம் போனால் பிள்ளை உங்கள் விரலைத்தான் விளங்கிக்கொள்கிறது. கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள். "இல்லை மிஸ், இவருக்கு எல்லாம் விளங்கும்" என்ற பதிலுக்கு அடுத்த கேள்வி எப்போதும் "கை காட்டாமல் சொன்னாலுமோ?" என்பதாக இருக்கட்டும்.

படிவத்தின் தலையில் உள்ள அறிவுறுத்தலை யாரும் வாசிப்பதில்லை. ஒரு செயலைப் பிள்ளை சில தடவை செய்து நீங்கள் கண்டிருந்தாலும், வழமையாகச் செய்வதில்லை என்றால் பதில் "இல்லை". போன தைப்பொங்கலுக்கு ஒருதரம் ராட்டா காட்டியதற்கு "ஓம்" போடக்கூடாது.

பிள்ளை தொலைபேசியைப் பார்த்து ஆங்கில எழுத்து 26ஐயும் சொல்கிறது, நிறங்களைச் சொல்கிறது என்று பெருமைப்படுவோர் உண்டு. அந்தப் பெருமையைக் குலைக்கத் தேவையில்லை. ஆனால் படிவத்தின் 20 கேள்விகளில் ஒன்றுகூட அதைப் பற்றியதில்லை. தனக்குத் தண்ணீர் வேண்டுமென்று உங்களிடம் தெரிவிக்கத் தெரியுமா என்பதே விஷயம்.

இனிப் புள்ளி. 17 கேள்விகளில் "இல்லை" என்றால் ஒரு புள்ளி. 2, 5, 12 ஆகிய மூன்றிலும் "ஓம்" என்றால் ஒரு புள்ளி. 2ஆவது, காது கேட்கவில்லையோ என்று எப்போதாவது யோசித்தீர்களா என்பது. 5ஆவது, கண்ணுக்குக் கிட்ட விரல்களை வித்தியாசமாக அசைப்பது. 12ஆவது, அன்றாடச் சத்தங்களுக்குக் குழம்புவது. எங்கள் வீடுகளில் அது கிரைண்டர், தண்ணி மோட்டர், குக்கர் விசில். திருவிழா வெடி அல்ல. இந்த மூன்றையும் தலைகீழாக எண்ணாததுதான் அதிகம் நடக்கும் பிழை. 7க்கும் 9க்கும் "இல்லை", 2க்கும் 12க்கும் "ஓம்" என்று ஒரு தாள் வருகிறது என்று வையுங்கள். "இல்லை"களை மட்டும் எண்ணினால் 7, 9 இரண்டோடும் நல்ல பதிலான 5இன் "இல்லை"யும் சேர்ந்துவிடும், 2க்கும் 12க்கும் உரிய புள்ளிகள் விடுபடும். அப்போது 3 வரும், சரியான விடை 4. இன்னொரு தாளில் இருபதும் நன்றாக உள்ள பிள்ளைக்கு அதே முறையில் எண்ணினால் 3 விழுந்து, அந்த வீடு காரணமில்லாமல் பயப்படும். எண்ண முதல் 2, 5, 12ஐப் பேனையால் வட்டமிட்டுவிடுங்கள்.

0 தொடக்கம் 2 வரை குறைந்த சாத்தியம். 3 தொடக்கம் 7 வரை நடுத்தரம், இரண்டாங் கட்டக் கேள்விகளைக் கேட்க வேண்டும். புள்ளி விழுந்த கேள்விகளுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்பிவைக்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டாங் கட்டத்துக்கு நேரம் செலவழிக்காமல் நேரே அனுப்பலாம்.

அந்த இரண்டாங் கட்டத்தை விட்டுவிட்டு எம்-சாட் செய்தோம் என்று எழுதுவது அரைகுறை வேலை. 2014 இல் வெளியான, 16,071 பிள்ளைகளைக் கொண்ட ஆய்வில், இரண்டு கட்டமும் தாண்டிப் புள்ளி நின்ற பிள்ளைகளில் 47.5 வீதத்தினருக்கு ஓட்டிசம் இருந்தது. ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்கவேண்டிய விடயமோ இருந்தவர்கள் 94.6 வீதம். அதாவது ஓட்டிசம் இல்லையென்று முடிந்தாலும் அனுப்பியது வீண்போவதில்லை. இரண்டாங் கட்டத்தைத் தொலைபேசியிலும் கேட்கலாம். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகாட்டுவான் வந்து பஸ் பிடிக்கும் தாயை இரண்டாந்தரம் வரச்சொல்ல வேண்டியதில்லை.

படிவத்தின் குறைகளும் சிறியவை அல்ல. 16 மாதத்துக்கு முன் பாவிக்க முடியாது. முதலில் கேட்ட அந்த ஆறு மாதக் குழந்தையின் அம்மாவுக்கு இது இன்னும் பத்து மாதம் கழித்துத்தான் உதவும். அதுவரை பார்க்க வேண்டியவை: 12 மாதத்தில் பெயருக்குத் திரும்புகிறதா, மழலை பேசுகிறதா, 14 மாதத்தில் காட்டுவதற்காகச் சுட்டுகிறதா, 16 மாதத்தில் தனிச்சொல் வந்துவிட்டதா. எந்த வயதிலும் வந்த சொல்லோ சிரிப்போ இல்லாமல் போனால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறக்கவேண்டிய திகதியிலிருந்து வயதை எண்ணுங்கள். மற்றக் குறை, பிள்ளைகளைத் தவறவிடுவது. புள்ளி 1 என்று வந்தும் தாயின் மனம் ஆறவில்லை என்றால் தாயின் கவலையே அனுப்பிவைக்கப் போதுமான காரணம்.

அனுப்பிய பிறகு

முதலில் காது. பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் செவிப்புலன் சோதனை முன்னால் வர வேண்டும். கதவு அடிக்கும் சத்தத்துக்குத் திரும்புவதை வைத்துக் காது நல்லது என்று முடிவெடுக்க வேண்டாம். அதோடு குடும்பநல உத்தியோகத்தர் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகக் குழந்தை வைத்திய நிபுணரிடம் கடிதம் வாங்கலாம். யாழ் போதனா வைத்தியசாலைக்கு வரத் தூரமானவர்கள் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் தொடங்கலாம்.

உறுதியான முடிவு வரும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் ஒரு வயதை அண்டிய, முன்னடையாளங்கள் கொண்ட 103 குழந்தைகளைத் தேர்ந்தார்கள். மூளை ஸ்கான் செய்து தேர்ந்தெடுக்கவில்லை. பழகும் விதத்தைப் பார்த்துத்தான். பாதிப்பேரின் பெற்றோருக்குப் பத்துத் தடவை பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக்காட்டி, குழந்தை எந்த இடத்தில் அவர்களை நோக்கி ஒரு சின்ன முயற்சி செய்தது, அதற்கு அவர்கள் எப்படிப் பதில் கொடுத்தார்கள் என்று பேசினார்கள். 2021 இல் வெளியான முடிவின்படி மூன்று வயதில் ஓட்டிச வரையறைக்குள் வந்தவர்கள் பயிற்சி பெற்ற பக்கத்தில் 6.7 வீதம், மற்றப் பக்கத்தில் 20.5 வீதம். ஒரு தொலைபேசிக் கமராவும் பழக்கிய ஒருவரும் இருந்தால் செய்யக்கூடிய வேலை இது. எங்கள் மாகாணத்தில் பணம் போடவேண்டிய இடம் எது என்று கேட்டால் இதுதான், ஸ்கான் இயந்திரம் அல்ல.

வைத்தியரிடம் போகும்போது மூன்று வீடியோ கொண்டு போங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். ஒன்று பிள்ளை தனியாக விளையாடுவது, ஒன்று இன்னொரு பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது. கிளினிக் அறையில் பயந்து அழும் பிள்ளையைப் பத்து நிமிடம் பார்ப்பதைவிட இந்த மூன்று நிமிடம் கூடுதலாகச் சொல்லும். பெயர் கூப்பிடும் வீடியோவை எடுக்க முதல் ரீவியை நிறுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். பாட்டு நின்ற உடனே கூப்பிட்டால் பிள்ளை பாட்டைத் தேடித் திரும்பும், பெயருக்குத் திரும்பியது போலவே இருக்கும்.

18 மாதத்தில் புள்ளி குறைவாக வந்த பிள்ளைக்கும் இரண்டு வயது முடிந்ததும் படிவத்தை இன்னொருமுறை நிரப்ப வேண்டும். அந்தத் திகதியை இன்றைக்கே கிளினிக் கொப்பியின் மட்டையில் எழுதிவிடுங்கள். 18 மாத ஊசிக்குப் பிறகு அடுத்த ஊசி 3 வயதில்தான், இடையில் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.